செலவும் வரவும்

‘செலவு’ என்னும் சொல்லைக் கேட்டதும் இன்று நாம் பணம் கைவிட்டுப் போவதையே நினைக்கிறோம். பழந்தமிழிலோ அச்சொல் பயணத்தைக் குறித்தது. பொருள்தேடித் தலைவன் புறப்படுதல் செலவு எனப்பட்டது. புறப்பட நினைத்தவன் தலைவியின் துயர்கண்டு தயங்கி நிற்றல் செலவழுங்குதல் எனப்பட்டது. ‘வரவு’ என்னும் சொல்லும் அவ்வாறே வருகையையும் வருவாயையும் ஒருங்கே சுட்டும். பயணக் கணக்கும் பணக் கணக்கும் ஒரே சொற்களால் எழுதப்படும் மொழி நம்முடையது.

நெடுங்காலம் அயல்நாடு சென்று தங்கிவருதல் நன்மையா, தீமையா என்பது வகுப்பறைக்குப் புதிய வினா அன்று. கட்டுரைப் பயிற்சியில் இதனைத் தலைப்பாகக் கொடுக்காத தமிழாசிரியர் குறைவு. நன்மை ஐந்து, தீமை ஐந்து என நிரல்படுத்தி, இரண்டும் உண்டு என முடித்து மாணவர் மதிப்பெண் பெறுவர். நானும் மாணவனாயிருந்தபோது அவ்வாறே எழுதினேன். ஆசிரியனான பின் அவ்வாறே திருத்தினேன்.

அண்மையில் ஒரு தந்தை என் அலுவலகத்துக்கு வந்தார். நான்காம் ஆண்டில் பயிலும் தம் மகனை ஓராண்டு தமிழ்நாட்டில் பாட்டியிடம் விட்டுவர எண்ணுவதாகவும், அதனால் அவன் படிப்புக்கு ஊறு நேருமா என்றும் கேட்டார். ஐந்து நன்மையும் ஐந்து தீமையும் அவருக்கு விடையாகா. ஒரு வாரம் பொறுத்து வருமாறு கேட்டுக்கொண்டேன். அவ்வொரு வாரத்தில் நான் எண்ணிப் பார்த்தவையே இக்கட்டுரை. இவ்வினாவை மலாயாத் தமிழர் ஒரு நூற்றாண்டுக் காலம் தம் வாழ்க்கையிலேயே எழுதிப் பார்த்திருக்கின்றனர். அவர்கள் விட்டுச் சென்ற கணக்கைப் புரட்டிப் பார்த்தால் நமக்கு விடை கிடைக்கக்கூடும்.

இலக்கணம் வகுத்த கால எல்லை

பிரிவைப் பற்றித் தொல்காப்பியர் போல் நுணுகி ஆராய்ந்தோர் அரியர். எவ்வெக் காரணங்களுக்காகப் பிரியலாம் என வகுத்ததோடு அவர் நிற்கவில்லை. எவ்வளவு காலம் பிரியலாம் என்பதையும் கற்பியலில் வரையறுத்தார். கல்விக்காகப் பிரிவது மூன்றாண்டைக் கடத்தலாகாது. வேந்தன் ஏவிய வினைக்காகப் பிரிவது ஓராண்டுக்கு உட்பட்டது. பொருள்தேடல் உள்ளிட்ட ஏனைய பிரிவுகளும் அவ்வாறே ஓராண்டுக்கு உட்பட்டவை. கடல்கடந்த பயணம் மகளிரோடு கூடி அமைவதில்லை என அவர் அகத்திணையியலில் கூறியதாகவும் உரையாசிரியர் பொருள் கொள்வர்.

இவ்விதிகளுள் பிற்கூறியது இன்று வழக்கிழந்தது. முற்கூறியதோ என்றும் எண்ணத்தக்கது. போதலைத் தொல்காப்பியர் தடுக்கவில்லை. திரும்பும் நாள் இன்றிப் போதலையே அவர் ஏற்கவில்லை. கல்விக்கு மட்டும் கூடுதலாக இரண்டாண்டு வழங்கிய அந்தப் பரிவும் ஆசிரியர்களாகிய நாம் கருதத்தக்கது.

துறைமுகமும் கப்பலும்

கிள்ளானுக்கு அருகே, ஆற்றின் முகத்துவாரத்தில், 1901ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டில் அது கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சிலாங்கூர் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் வந்திறங்கிய வாயில்களுள் அதுவும் ஒன்று.

ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவுக்கு 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. 1907ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டி அமைக்கப்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து தொழிலாளரின் கப்பற்கட்டணம் செலுத்தப்பட்டது. உரிமம் பெற்ற கங்காணி தன் சொந்தக் கிராமத்துக்குச் செல்வான். வெள்ளை வேட்டியும் கைக்கடிகாரமும் பொன் மோதிரமுமாக அவன் தெருவில் நடந்து வருவதே ஆள்திரட்டும் விளம்பரமாயிற்று. பயணத்தின் ஆதாயத்தை மட்டும் காட்டிச் சேதாரத்தை மறைத்த முதல் மனிதன் அவனே எனலாம். அவனையும் முழுக்கப் பழிக்க இயலாது. அவனும் ஒரு காலத்தில் அதே கப்பலின் மேல்தளத்தில் பாய்விரித்துப் படுத்து வந்தவன்தான்.

அக்கப்பல்களுள் நம் முதியோர் நாவில் இன்றும் நிற்கும் பெயர் ‘ரஜூலா’. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்காக 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் எனச் சென்று திரும்பும். தொடக்கத்தில் 5,000க்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையணையாது. ஆழ்கடலில் நிற்க, மக்கள் படகுகளில் சென்று ஏறுவர், இறங்குவர். ஏறக்குறைய ஒரு வாரக் கடற்பயணம். பினாங்கில் இறங்குவோர் ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமைக் கடந்தே நாட்டுக்குள் புக வேண்டியிருந்தது. போர்க்காலம் நீங்கலாக நாற்பதாண்டுக்கும் மேல் தமிழரைச் சுமந்த ரஜூலா 1973ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது.

இக்கப்பலில் ஒருமுறை வந்து குடியேறியோர் வரலாற்றை நாம் எழுதியுள்ளோம். மீண்டும் மீண்டும் போய் வந்தோர் வரலாறு போதிய அளவு எழுதப்படவில்லை. மலாயாத் தமிழர் பேச்சில் ‘ஊர்’ என்றால் தமிழ்நாடு. ‘ஊருக்குப் போதல்’ என்றால் தமிழ்நாடு போய் வருதல். தாலி கட்டவும், தாய்க்குக் கொள்ளியிடவும், குலதெய்வத்துக்குப் பிள்ளையின் முடியிறக்கவும், இரண்டு காணி நிலம் வாங்கவும் அவர்கள் சென்றனர். சென்றோர் சில வாரங்களில் திரும்புவதில்லை. மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என அப்பயணம் நீளும். அயல்நாட்டில் வாழ்ந்தவனுக்குத் தாய்நாடே நெடும்பயணத்துக்குரிய இடமானது ஒரு விந்தை.

பெற்றவை

இப்பயணங்களால் நாம் பெற்றவை சிறியன அல்ல. தோட்டத்துத் தனிமையில் தமிழ் தேய்ந்து போகாமல் காத்தது இப்போக்குவரவே. டிரங்குப் பெட்டிகளில் பட்டும் பாத்திரமும் மட்டுமா வந்தன? பஞ்சாங்கமும் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களும் வார இதழ்களும் உடன் வந்தன. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளில் கற்பித்தோர் பலர் இக்கப்பல்களில் வந்தவர்களே.

கருத்துகளும் கடல் கடந்தன. 1929ஆம் ஆண்டு இறுதியில் தந்தை பெரியார் மலாயா வந்தார். அவர் வருகைக்குப் பின் சுயமரியாதைச் சிந்தனை தோட்டங்கள்தோறும் பேசப்பட்டது. 1937ஆம் ஆண்டில் நேரு வந்தார். 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. கள்ளுக்கடைகளை மூடுதல், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் இழிவை ஒழித்தல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி அளித்தல் ஆகியனவும் அவர்தம் கோரிக்கைகளாயின. 1920களின் இறுதியில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசும் மகளிர்க்கு 40 காசும் தரமான கூலியாகப் பெற்ற மக்கள் அவர்கள். தங்கள் மதிப்பு அக்கூலியைவிடப் பெரிது என்னும் உணர்வு அவர்களுக்கு வந்ததில் கடல்வழிச் செய்திக்கும் ஒரு பங்கு உண்டு.

இழந்தவை

சேதாரத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். முதற்சேதாரம் பணம். பல்லாண்டுச் சேமிப்பு ஒரே பயணத்தில் கரைந்தது. மலாயாவிலிருந்து வருபவன் வெறுங்கையோடு வரலாகாது என்னும் எதிர்பார்ப்பு அவனைக் கடனாளியாக்கியது.

அதனினும் பெரிய சேதாரம் மனநிலையில் நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஊருக்குப் போய்விடுவோம் என்னும் எண்ணத்தோடு வாழ்பவன், இருக்கும் இடத்தில் மண்ணும் வாங்கான், மரமும் நடான். 1931ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் மலாயா இந்தியருள் இந்நாட்டில் பிறந்தோர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரே. 1947ஆம் ஆண்டிலோ அவர்கள் ஏறக்குறையப் பாதியாயினர். மக்கள் வேரூன்றிவிட்டனர், மனம் மட்டும் பெட்டியைக் கட்டியபடியே இருந்தது. துன் சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரைப் பங்குதாரராகச் சேருமாறு வேண்டியது அம்மனநிலைக்கு எதிராகவே. துண்டாடப்பட்டு விற்கப்படும் தோட்டங்களை உழைப்பவரே வாங்கலாம் என்று அவர் கூறியபோது, கப்பலுக்குச் சேர்த்த பணத்தை நிலத்தில் இடுமாறு கூறினார் எனவும் நாம் பொருள் கொள்ளலாம்.

மூன்றாவது சேதாரம் பிள்ளைகளின் கல்வி. நான் முதன்முதல் பணியேற்ற தோட்டப் பள்ளியில் பழைய மாணவர் பதிவேடுகள் சில செல்லரித்த நிலையில் இருந்தன. குறிப்பு எழுதும் கட்டத்தில் ‘ஊருக்குச் சென்றுவிட்டான்’ எனப் பல பெயர்களுக்கு நேரே எழுதியிருந்தது. சில பக்கங்கள் தள்ளி, அதே பெயர், அதே தந்தை பெயர், ஆனால் ஒரு வகுப்புக் கீழே. சில பெயர்கள் திரும்ப வரவேயில்லை. இப்பயணத்தை அப்பிள்ளைகள் முடிவு செய்யவில்லை. ஆனால் அதன் கட்டணத்தில் ஒரு பகுதியை அவர்களே செலுத்தினர்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஈண்டு என் குடும்பத்தின் கதையைச் சொல்ல வேண்டியவனாகிறேன். இது தனிக்கதை அன்று. நம் இல்லங்கள் பலவற்றில் இதன் சாயல் உண்டு.

1941ஆம் ஆண்டு ஆவணியில் என் பாட்டி, ஆறு வயதினரான என் தந்தையாரை அழைத்துக்கொண்டு போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலேறினார். தம்பி திருமணத்தை நடத்திவிட்டுப் பொங்கலுக்குள் திரும்புவதாக ஏற்பாடு. தாத்தா கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டு தனித்திருந்தார். டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 ஜனவரி 11ஆம் நாள், பொங்கலுக்குச் சில நாள் முன்னர், கோலாலம்பூர் வீழ்ந்தது. கடல்வழி அடைபட்டது. கடிதமும் நின்றது. மக்களைச் சுமந்த கப்பல்களும் படைவீரரைச் சுமக்கப் போயின. ரஜூலாவின் உடன்பிறப்பான ‘ரோனா’ 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஆயிரத்துக்கு மேற்பட்டோருடன் மூழ்கியது.

இங்கே தாத்தா சயாம் ரயில் பாதைக்கு ஏற்றப்பட்டார். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் போட்ட அம்மரணப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர், திரும்பாதோரும் பல்லாயிரவர். தாத்தா திரும்பினார். காலில் ஆறாத புண்ணோடும், அதனினும் ஆறாத ஒரு மௌனத்தோடும் திரும்பினார். அங்கே பாட்டிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அச்செய்தியைத் தாத்தா அறிந்தபோது குழந்தைக்கு நான்கு வயதாகிவிட்டது.

1946ஆம் ஆண்டில் கப்பல் ஓடத் தொடங்கியதும் பாட்டி திரும்பினார். ஆனால் நலிந்த உடலினளாகிய அச்சிறுமியைக் கப்பலில் ஏற்ற அஞ்சி, தம் தாயிடம் விட்டுவந்தார். அடுத்த முறை அழைத்துக்கொள்ளலாம் என்பதே அவர் நினைப்பு. அந்த அடுத்த முறை வரவேயில்லை. பணம் சேர்ந்தபோது பத்திரங்கள் சேரவில்லை. பத்திரங்களுக்கு வழி தெரிந்தபோது அவள் வயது கடந்துவிட்டது. என் அத்தை தமிழ்நாட்டிலேயே வளர்ந்து, மணம் முடித்து, அங்கேயே மறைந்தார்.

இப்பயணம் எங்களுக்கு நன்மையா, தீமையா? பாட்டியும் தந்தையாரும் இங்கிருந்திருந்தால் அப்பஞ்சக் காலத்தில் மரவள்ளிக்கிழங்குக்கும் மாண்டிருப்பர் எனத் தாத்தா ஒருமுறை கூறியதாகத் தந்தையார் சொல்வார். கிராமத்துப் பள்ளியில் பயின்ற நாலரை ஆண்டுத் தமிழே பின்னர் அவரைத் தோட்டப் பள்ளி ஆசிரியராக்கியது. அவர் ஆசிரியரானதால் நான் ஆசிரியனானேன். இது வரவு. தந்தை முகத்தை மறந்து, கப்பலிலிருந்து இறங்கிய பதினொரு வயதுச் சிறுவன் தாத்தாவை ‘ஐயா’ என்று அழைத்ததும், தங்கை ஒருத்தி கடலுக்கப்பால் நின்றுவிட்டதும் செலவு. இரண்டையும் ஒரே தராசில் இட என்னால் இயலவில்லை. கூட்டிக் கழித்து விடை காணும் கணக்கு அன்று இது.

சட்டம் வகுத்த எல்லை

பாட்டியின் ‘அடுத்த முறை’ தவறியதற்கு அவர் மட்டும் காரணர் அல்லர். கடலின் இருகரையிலும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 1930ஆம் ஆண்டை ஒட்டிய பொருளாதார மந்தத்தின்போது இரப்பர் விலை வீழ, இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் திருப்பியனுப்பப்பட்டனர். தேவைப்பட்டபோது இலவசமாக அழைத்த அதே நிதி, தேவையற்றபோது இலவசமாக அனுப்பியும் வைத்தது. சீனிவாச சாஸ்திரியார் 1936ஆம் ஆண்டு இறுதியில் வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து சென்றார். 1938ஆம் ஆண்டு ஜூன் திங்களில், கூலிக் குறைப்பை ஒட்டி, உதவிபெற்ற குடிபெயர்வை இந்திய அரசு தடைசெய்தது.

விடுதலைக்கு முன்னர் மலாயாவின் கதவும் சாத்தப்பட்டது. 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் வருவோரைக் கடுமையாக வரையறுத்தது. அதுவரை கப்பற்கட்டணம் இருந்தால் போதுமாயிருந்த பயணம், அதன்பின் பத்திரம் இருந்தால்தான் உண்டு என்றாயிற்று. 1957ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றபோது, அயல்நாட்டில் பிறந்து இங்கு வாழ்வோர் குடிமக்களாகப் பதிவு செய்துகொள்ள, முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் மொத்தம் எட்டாண்டு இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும் என அரசமைப்பு விதித்தது. ஊரில் ஆண்டுக்கணக்கில் தங்கியோர்க்கு அத்தங்கல் அக்கணக்கில் ஓட்டையாயிற்று. அக்கணக்கு நிறைந்திருந்தும், எப்படியும் ஊருக்குப் போய்விடுவோமே, பதிவு எதற்கு என்று வாளாவிருந்தோர் மேலும் பலர்.

அதன் விளைவு 1969ஆம் ஆண்டில் தெரிந்தது. குடியுரிமை இல்லாதோர் வேலை பெர்மிட் பெறுதல் வேண்டும் என்றானபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தொழிலாளர் கலங்கினர். அவ்வாண்டை ஒட்டிச் சுமார் 60,000 இந்தியர் இந்நாட்டை விட்டகன்றனர். அவர்களிற் சிலருடைய பிள்ளைகள் ஊரைக் கண்டறியாதவர்கள். பல்லாண்டாகத் தள்ளிப்போட்ட ஊர்ப்பயணம் அவர்களுக்கு வரவில்லாத செலவாக முடிந்தது.

கற்பதற்குச் சென்ற பயணம்

இவ்வளவும் படித்தபின், நெடும்பயணமே கேடு என்று மாணவர் முடிவு செய்துவிடலாகாது. அம்முடிவை மறுக்கும் சான்று கோலாலம்பூரிலேயே உண்டு.

ஈழத்துத் தவத்திரு தனிநாயக அடிகளார் 1961ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைத் தலைமையை ஏற்றார். அதற்கு முன்னரே அவர் பல நாடுகளுக்கும் நெடும்பயணம் மேற்கொண்டவர். ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிக் கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களை உலகறியச் செய்தவர். புரோயென்சா பாதிரியார் தொகுத்து 1679ஆம் ஆண்டில் அச்சான தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியை அவர் பதிப்பிக்க, அது 1966ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து மறுபடி வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அதே நகரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் அவர் முயற்சியால் கூடியது.

அடிகளார் குடும்பச் சுமையில்லாத துறவி. தோட்டத் தொழிலாளி அவ்வாறு உலகைச் சுற்ற இயலுமா என வினவலாம். வினா நேரியதே. ஆயினும் வேறுபாடு வசதியில் மட்டும் இல்லை. எதற்காகப் போகிறோம், எதைக் கொண்டுவருவோம், யாரிடம் அதைச் சேர்ப்போம் என்னும் மூன்றுக்கும் அவரிடம் விடை இருந்தது. அவர் சென்ற செலவெல்லாம் தமிழுக்கு வரவாயிற்று.

எளியவர்க்கும் அது கைகூடும் என்பதற்கு என்னையே சான்றாகக் கூறலாம். 1979ஆம் ஆண்டில், எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, தந்தையார் என்னை அழைத்துக்கொண்டு பினாங்கில் ‘சிதம்பரம்’ கப்பலேறினார். ரஜூலாவுக்குப் பின் இவ்வழியில் ஓடிய இந்தியக் கப்பல் அது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழக்க, அதனுடன் அக்கப்பலின் ஓட்டம் முடிந்தது. சென்னையில் இறங்கிக் கிராமம் சென்றோம். முப்பத்துமூன்று ஆண்டுக்குப் பின் தந்தையாரும் அத்தையும் ஒருவரையொருவர் கண்டனர். இருவரும் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் அத்தை கேட்ட முதற்கேள்வி, “அண்ணா, அம்மா கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா?” என்பது.

மூன்று மாதம் அங்கிருந்தோம். திரும்பியபோது வகுப்பில் பின்னக் கணக்கு முடிந்துபோயிருந்தது. அதனைப் பிடிக்க எனக்கு ஓராண்டாயிற்று. ஆனால் பாடநூலில் வெறுஞ்சொற்களாயிருந்த கமலையும் குதிரும் மரக்காலும் களத்துமேடும் அதன்பின் எனக்குப் பொருள்களாயின. இன்று நான் வகுப்பில் மருதத்திணை நடத்தும்போது என் கண்முன் நிற்பது அக்களத்துமேடே. தந்தையார் புறப்படும் முன்னரே திரும்பும் சீட்டையும் வாங்கி, பள்ளி திறக்கும் நாளைத் தம் நாட்குறிப்பில் எழுதி, என் பாடநூல்களையும் பெட்டியில் அடுக்கினார். ஒரு கப்பலைத் தவறவிட்ட குடும்பத்துப் பிள்ளை அவர். அதனாலேயே அவ்வளவு கவனம்.

தந்தைக்குச் சொன்ன விடை

ஒரு வாரம் கழித்து அத்தந்தை வந்தார். அவர் மகனை அனுப்பலாமா என்பதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ நான் கூறவில்லை. மூன்று வினாக்களை அவரிடம் வைத்தேன். திரும்பும் நாள் உறுதியானதா? பையன் அங்கு என்ன கற்பான், இங்கு எதை இழப்பான், அவ்விழப்பை ஈடுசெய்ய என்ன ஏற்பாடு? இம்முடிவில் அவனுக்கும் ஒரு சொல் உண்டா?

முதல் வினாவுக்கு அவரிடம் விடை இருந்தது. இரண்டாவதற்குப் பாதி விடை இருந்தது. மூன்றாவதைக் கேட்டதும் அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். “பையனிடம் நான் இன்னும் கேட்கவேயில்லை ஐயா” என்றார்.

பின்னர் அவர் கேட்டிருக்கிறார். ஓராண்டு வேண்டா, ஆண்டிறுதி விடுமுறை முழுதும் பாட்டியோடு இருந்து வருகிறேன் என்று பையன் சொன்னானாம். அவ்வாறே முடிவாயிற்று. பாட்டி சொல்லும் கதைகளையும் அங்குக் கேட்கும் புதுச் சொற்களையும் எழுதிவர ஒரு குறிப்பேட்டை அவனிடம் கொடுத்திருக்கிறேன். அவன் திரும்பியதும் அதனை வகுப்பில் படிக்க வேண்டும் என்பது எங்கள் உடன்பாடு.

மாணவர் இத்தலைப்பில் கட்டுரை எழுதும்போது நன்மை ஐந்தும் தீமை ஐந்தும் எழுதட்டும். அதனோடு, தம் வீட்டு முதியோரிடம் சென்று, நம் குடும்பத்தில் யார் எக்கப்பலில் வந்தார், யார் போனார், யார் திரும்பவில்லை எனக் கேட்டு எழுதுமாறும் ஆசிரியர் பணித்தல் வேண்டும். கேட்டுச் சொல்வதற்குரிய முதியோர் நம்மிடையே நாளும் குறைந்து வருகின்றனர். வாயிலில் நின்று விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய் வருகிறேன்’ என்று சொல்ல நம்மைப் பழக்கியவர்கள் அவர்களே. 1941ஆம் ஆண்டு ஆவணியில் என் பாட்டியும் தாத்தாவிடம் அவ்வாறே சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினார். சொன்னபடி அவர் வந்தார். வர ஐந்தாண்டு ஆயிற்று.